1917 என்று பொறித்த பித்தளை டெலஸ்கோப்: காரைக்குடியில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடிக்குப் பழம்பொருள் வாங்க வருகிறவர்களில் யாராவது, "இந்தப் பித்தளை டெலஸ்கோப்பில் சனியின் வளையமே தெரியும்" என்ற பேச்சைக் கேட்டுப் பர்ஸை எடுக்கப் போனால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் 14,500 ரூபாய் போயிருக்கிறது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்ல கடை என்று ஆகிவிடும்.

வாங்கியவர் என் சித்தப்பா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் தேவகோட்டையில் இருக்கிறார். அவருடைய பேரன் என் 80 மி.மீ. ரிஃப்ராக்டரில் (லென்ஸ் வைத்த டெலஸ்கோப்) நிலாவைப் பார்த்ததிலிருந்து தனக்கும் ஒன்று வேண்டும் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். பிறந்தநாளுக்குத் திடீரென்று கையில் கொடுக்க வேண்டும் என்பதற்காக யாரிடமும் மூச்சுவிடாமல் போய் வாங்கி வந்திருக்கிறார்.

கடையில் சொன்ன கதை இது. ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போன, அதாவது தொழில் செய்யப் போன, செட்டியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. பங்காளிகள் வீட்டைப் பாகம் பிரித்தபோது வெளியே வந்தது. லண்டனில் செய்த அசல் அக்ரோமேட், அதாவது நிறம் பிசிறாத லென்ஸ் போட்டது. நூறு மடங்கு பெரிதாக்கும். நம் ஊரில் இந்தக் கதைக்கு எப்போதும் மவுசு உண்டு. பெல்ஜியம் கண்ணாடியும் எனாமல் தூக்கும் அப்படித்தானே கடைக்கு வந்தன, டெலஸ்கோப் ஏன் வந்திருக்கக் கூடாது என்று யாருக்கும் தோன்றும்.

பொருளும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தேக்குப் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், மூன்று அடுக்காக இழுக்கும் குழாய், வெளிக்குழாயைச் சுற்றித் தோல். பித்தளையில் "கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917" என்று பொறிப்பு, அதன் கீழே ஒரு வரிசை எண்.

அந்தப் பொறிப்பிலேயே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. கெல்வின், ஹியூஸ் என்ற இரண்டு பெயரும் சேர்ந்து, கப்பல் கருவிகள் செய்த அந்த பிரிட்டிஷ் நிறுவனம் உருவானதே 1947-ல். 1917-ல் இப்படி ஒரு பெயரைப் பொறிக்க ஆளே கிடையாது. அந்த நிறுவனத்துக்கும் இந்தக் குழாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயரைத் திருடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அலங்காரத்துக்கென்று செய்து வரும் இதே மாதிரிக் குழாய், இதே பொறிப்போடு, ஆன்லைனில் இரண்டாயிரத்துக்கும் கீழே கிடைக்கிறது. அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. மேசையில் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது தோல். தையல் ஓரத்தில் விரல் நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ! அந்த ஸ்க்ரூவுக்கு ஹென்றி ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது 1936-ல். 1917-ல் செய்த குழாய்க்குள் அது எப்படிப் போனது என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

போலிப் பழசு என்பதைக்கூட விட்டுவிடலாம். பையனுக்கு வானம் தெரிந்தால் போதும் என்று அன்று இரவு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். நிலாவின் விளிம்பெல்லாம் வண்ணம் பிசிறடித்தது. குழாயை உள்ளே தள்ளினால் ஒரு நிறம், வெளியே இழுத்தால் வேறு நிறம். நிறமில்லாத இடம் என்று ஒன்று வரவே இல்லை. வியாழன் ஒரு கலங்கிய பொட்டு. பக்கத்தில் என்னுடைய 80 மி.மீ.-ஐ வைத்தேன். வியாழனின் இரண்டு பட்டைகளும் நான்கு நிலவுகளும் சுத்தமாகத் தெரிந்தன. பையன் இந்தக் குழாயில் ஒரு தடவை, அதில் ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாத்தாவின் முகத்தைப் பார்த்தான். சித்தப்பா வாயே திறக்கவில்லை.

அக்ரோமேட் என்று எதைச் சொல்கிறோம்? ஒற்றைக் கண்ணாடி லென்ஸ் நீலத்தை ஓர் இடத்திலும் சிவப்பை இன்னோர் இடத்திலும் குவிக்கும். அதனால்தான் க்ரௌன், ஃப்ளின்ட் என்று இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து அந்த இரண்டு நிறத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். லண்டனில் ஜான் டாலண்ட் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1758-ல். ஊதா மட்டும் கொஞ்சம் பிடிகொடுக்காது. என் டெலஸ்கோப்பிலும் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி மெல்லிய ஊதா தெரியும், அது இந்த வகையின் இயல்பு. நிலா முழுக்க வானவில் அடிப்பது இயல்பு இல்லை.

மறுநாள் முன்பக்க வளையத்தைத் திருகிக் கழற்றி லென்ஸைத் தனியாக எடுத்தோம். மொபைல் டார்ச்சை அதன் மேல் அடித்து, கண்ணாடியில் எத்தனை ஒளிப்புள்ளி பிரதிபலிக்கிறது என்று எண்ணினால் போதும். ஒற்றைக் கண்ணாடி என்றால் இரண்டு. ஒட்டிய இரட்டை என்றால் மூன்று, அதில் ஒன்று மங்கலாக இருக்கும். இடைவெளி விட்ட இரட்டை என்றால் நான்கு. எங்களுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு.

இதைவிட மோசம் லென்ஸுக்குப் பின்னால் இருந்தது. நடுவில் ஓட்டை போட்ட கறுப்புத் தகடு ஒன்று. குழாயைத் தூரத்துக்கு ஃபோகஸ் செய்து, கண் வைக்கும் பக்கம் டார்ச்சை வைத்து, முன்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பிடித்தேன். தாளில் விழுந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் 17 மி.மீ. வெளியே தெரியும் கண்ணாடி 42 மி.மீ. மட்டமான லென்ஸின் பிசிறை மறைக்க ஓரத்தை அடைத்துவிட்டு, பார்வைக்கு மட்டும் பெரிய கண்ணாடியைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு மி.மீ. விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதுதான் உருப்படியான உருப்பெருக்கத்தின் எல்லை. 17 மி.மீ.-க்கு 34. கடையில் சொன்னது நூறு.

கலிலியோவும் ஒற்றைக் கண்ணாடியை ஓரம் மறைத்துத்தானே 1610-ல் வியாழனின் நிலவுகளைப் பார்த்தார் என்று யாராவது கேட்கக்கூடும். வாஸ்தவம். அவர் குழாய் ஒரு மீட்டர் அளவுக்கு நீளம், உருப்பெருக்கமும் இருபது மடங்குதான். நல்ல அக்ரோமேட் என்று சொல்லி அவர் அதை யார் தலையிலும் கட்டவில்லை.

எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது பெட்டிக்குள் இருந்த கறுப்புக் கண்ணாடிதான். கண் வைக்கும் பக்கம் மாட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்கலாமாம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். லென்ஸ் குவிக்கும் வெப்பம் முழுக்க அந்தச் சின்னக் கண்ணாடியின் மேல்தான் விழும். சூடேறி அது விரிசல் விட்டால் பார்வை அந்த நொடியே போய்விடும். சூரிய ஃபில்டர் எப்போதும் டெலஸ்கோப்பின் முன்பக்கம்தான் மாட்ட வேண்டும், அதுவும் இதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 கங்கணக் கிரகணத்தன்று புதுக்கோட்டைப் பக்கம் வளையத்தைப் பார்க்க மாடிக்கு மாடி கூட்டம் இருந்தது நினைவிருக்கும். 2031 மே 21 அன்று தென்னிந்தியாவில் மறுபடியும் கங்கணக் கிரகணம் வருகிறது. அன்றைக்குப் பரணிலிருந்து இந்த மாதிரிப் பெட்டிகளும் இறங்கும். அந்தக் கறுப்புக் கண்ணாடியை நான் உடைத்தே போட்டுவிட்டேன்.

அப்புறம் கடைக்குப் போனோம். ஸ்டார் ஸ்க்ரூவைக் காட்டினேன். "அது ரிப்பேர் பண்ணப்ப போட்டதா இருக்கும் தம்பி" என்றார். ஆண்டைக் கேட்டேன். "அதெல்லாம் நமக்குத் தெரியாது, வந்ததை விக்கிறோம்." ரங்கூன் செட்டியார் எங்கே போனார் என்றே தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அலமாரியைப் பார்த்தால் அங்கே இன்னொரு குழாய்: அதே தோல், அதே 1917, அதே வரிசை எண்! "அண்ணே, இதுவும் அதே செட்டியார் வீடா?" என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில் சித்தப்பாவைப் பார்த்து, "ஐயா, பணமா திருப்பித் தர்ற பழக்கம் இல்ல, வேணும்னா ஒரு சுவர்க்கடிகாரம் எடுத்துக்கங்க" என்றார். அந்தக் கடிகாரத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பேசலாம், சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கள் சிக்கல் ரசீதில் இருக்கிறது. கொடுத்தது பில்லே இல்லை, எஸ்டிமேட் சீட்டு. அதில் "பித்தளை சாமான் - 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. டெலஸ்கோப் என்றும் இல்லை, 1917 என்றும் இல்லை, லண்டன் என்றும் இல்லை. இருந்தாலும் அந்தச் சீட்டையும், இரண்டு குழாய்களின் வரிசை எண்ணும் தெரிகிற மாதிரி எடுத்த படங்களையும் வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் வாங்குவதாக இருந்தால் பொருளின் பெயர், செய்த ஆண்டு, அக்ரோமேட் என்ற சொல், இந்த மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பெட்டியை மூடி அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வானம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் இந்தப் பணத்துக்குப் புதிதாக 70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத்தூரம் உள்ள அக்ரோமேட் ஸ்டாண்டோடு வரும். அதிலும் பெட்டி மேல் 525 மடங்கு என்று போட்டிருப்பான். 4 மி.மீ. ஐபீஸையும் (கண் வைக்கும் லென்ஸ்) மூன்று மடங்கு பார்லோவையும் (உருப்பெருக்கத்தைக் கூட்ட இடையில் மாட்டும் லென்ஸ்) சேர்த்துப் போட்ட கணக்கு அது. 140-க்கு மேல் போனால் மங்கல்தான், அந்த பார்லோவைத் தொடவே வேண்டாம். பையனுக்கு அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.