கெட்டிஸ்பர்க் போர்க்களப் பூங்கா: சக்கர நாற்காலியில் சென்றவரின் மதிப்பீடு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலை 1 முதல் 3 வரை பெருஞ்சமர் நடந்த இக்களத்தில், ஏறத்தாழ 24 மைல் சுற்றுப்பாதையைக் காரிலேயே கடக்கலாம் என்பதால், நடக்க இயலாதவர்களும் பீரங்கிகளையும் நினைவுச் சின்னங்களையும் சன்னலோரமாக அமர்ந்தே பார்த்துவிட முடிகிறது. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு உண்டு.

எனக்கு மிகவும் நிறைவளித்தது, சீரமைப்புக்குப்பின் 2024இல் மீண்டும் திறக்கப்பட்ட லிட்டில் ரவுண்ட் டாப் குன்று. அங்குள்ள புதிய பாதையில் முன்சக்கரம் சரளைக்கல்லில் சிக்காமல் உருண்டது. கீழே விரியும் பள்ளத்தாக்கை யாரையும் அவசரப்படுத்தாமல், யாருடைய அவசரத்துக்கும் ஆளாகாமல் நெடுநேரம் பார்த்திருந்தேன்.

டெவில்ஸ் டென் பாறைக்கூட்டத்துக்குள் மட்டும் சக்கரம் நுழையாது. படைவீரர்கள் பதுங்கிச் சுட்ட இடுக்குகளாயிற்றே, அவற்றைச் சமப்படுத்தக் கேட்பதும் முறையன்று; சாலையிலிருந்து பார்த்துத் திரும்பினேன்.