லோவரிங் ஸ்பிரிங் தேடுகிறவர்கள் கவனம்: எனக்கு 68,000 ரூபா போய்விட்டது

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 68,000 ரூபா. காரைத் தாழ்த்துகிற லோவரிங் ஸ்பிரிங் நான்கு, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற சொக் (ஷொக் அப்சோபர்) நான்கு என்று சொல்லி வாங்கிய பணம். அந்தச் சாமான் இப்போது கல்லடியில் எங்கள் மெக்கானிக் பாஸின் கராஜ் மூலையில் பழைய இரும்போடு கிடக்கிறது. விற்றவன் போனை எடுக்கிறானில்லை. விளம்பரம் வந்த ஒன்லைன் சந்தையும் கையை விரித்துவிட்டது. பெயர் போடவில்லை, போட்டால் இந்தப் பதிவையே தூக்கிவிடுவார்கள். வாகனம், போன், காணி எல்லாம் விற்கிற இடம் என்றால் உங்களுக்கு விளங்கும். குறைந்த செலவில் சஸ்பென்ஷன் வேலையை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் இந்த வயிற்றெரிச்சலைக் கொட்டியே ஆக வேண்டும்.

என்னுடையது டொயோட்டா கொரோலா 121 கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள் என்று பெயர்தான், வரியோடு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருக்கிற காரையே நல்லாக்கி ஓடுவோம் என்று நினைக்கிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். முன் சொக் இரண்டும் எப்படியும் மாற்ற வேண்டிய நிலை. மாற்றுவதோடு ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் இறக்கினால் பார்வைக்கும் நல்லது, வளைவில் சாய்வதும் குறையும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய சொக்கை விட்டால் சரிவராது. கட்டையான ஸ்பிரிங் இறுக்கமானது. காரோடு வருகிற கம்பனி சொக் மென்மையான ஸ்பிரிங்குக்கு அளந்து செய்தது. அதனால் இறுக்கமான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க முடியாது. கார் தாழ்ந்து நிற்பதால் சொக்கின் தண்டும் எந்நேரமும் உள்ளே அமுங்கியே ஓடும். ஆகவே செட்டாகத்தான் தேடினேன். புதுச் செட் விலை கைக்கு எட்டவில்லை, கொழும்பில் வாகனப் பாட்ஸ் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய்த் தேட லீவும் இல்லை. அந்த நேரம் பார்த்து அந்த விளம்பரம்.

கோல் எடுத்தேன். எந்த இடம் என்று கேட்டான். மட்டக்களப்பு என்றதும் குரலே மாறிவிட்டது. "அட, நம்மட ஊரா அண்ணன்! எங்கட அம்மாட ஊர் ஆரையம்பதிதான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவன், மறுகா உங்கட காரில ஒரு ஓட்டம் போய்ப் பாப்பம்." இப்படிப் பேசுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? வீடியோ கோலிலும் வந்தான். ஒரு சொக்கை நிமிர்த்தி வைத்துத் தண்டை அமுக்கிக் கையை எடுத்தான், அது மெல்ல மெல்லத் தானாக மேலே எழும்பியது. உள்ளே கேஸ் அடைத்த நல்ல சொக் அப்படித்தான் எழும்பும். ஸ்பிரிங்கைக் காட்டினான், பச்சை நிறம். ஜப்பான் கம்பனி டெய்ன் (Tein) செய்கிற ஸ்பிரிங் பச்சைதான். 75,000 கேட்டவன் 68,000க்கு இறங்கினான். பாதி இப்போது, பாதி சாமான் வந்த பிறகு என்றேன். "அண்ணன், வேற ரெண்டு பேர் கேட்டும் குடுக்காம உங்களுக்கு எண்டு எடுத்து வச்சிருக்கன். நம்மட ஆளுக்குள்ள எதுக்கு இந்தப் பாதிக் கணக்கு?" முழுவதையும் அவன் கணக்கில் போட்டேன். 68,000 ரூபா.

பார்சல் பஸ்ஸில் வந்து நேரே கராஜுக்குப் போனது. நான் வேலையில் நிற்கும்போதே பாஸ் பூட்டி முடித்துவிட்டார். பின்னேரம் எடுத்து ஓடினால் காத்தான்குடி பிரதான வீதியில், அந்தப் பேரீச்சை மரங்கள் நிற்கிற இடத்தில், முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு சின்னப் பள்ளத்துக்கும் டொக், பிரேக் பிடித்தாலும் டொக். களுவாஞ்சிக்குடி போய் வந்து பார்த்தால் இடது முன் சொக் முழுக்க எண்ணெய் வழிந்து கிடந்தது.

பாஸ் ஜக் போட்டுத் தூக்கினார். சில்லு தொங்கியதும் ஸ்பிரிங் அது உட்காரும் தட்டை விட்டு விலகி நின்றது, கையால் பிடித்துச் சுற்றினால் சுற்றுகிறது. வேகமாகப் போகும்போது ஒரு பள்ளத்தில் அது பிசகி இருந்தால்? கழற்றி எடுத்து, தின்னரில் நனைத்த துணியால் நுனியைத் துடைத்தார். பச்சை கரைந்து துணியில் வந்தது, அடியில் கறுப்பு. நுனியில் கிரைண்டர் ஓடிய கோடு அப்படியே தெரிகிறது. லோவரிங் ஸ்பிரிங்கும் இல்லை ஒன்றும் இல்லை, கம்பனி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிப் பெயிண்ட் அடித்திருக்கிறான். சொக்கின் அடியைச் சுரண்டினால் பயறு அளவில் ஒரு வெல்டிங் பொட்டு. துளைத்து எண்ணெய் ஊற்றி அடைத்த பழைய சொக். நான்கையும் அமுக்கிப் பார்த்தோம். ஒன்றுதான் தானாக எழும்பியது, மற்ற மூன்றும் அமுக்கிய இடத்திலேயே நின்றன. அவன் வீடியோவில் காட்டியது அந்த ஒன்றைத்தான்! சொக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டொப் ரப்பர் ஒன்றிலும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கூத்து. முதல் கோலில், "பாஸ் பிழையாப் பூட்டி இருப்பார் அண்ணன்." படம் அனுப்பினேன். "உங்கட பக்கம் ரோட்டு சரியில்ல." ரோட்டா ஸ்பிரிங்கை வெட்டியது என்று கேட்டேன். "பூட்டின சாமானுக்குக் கேரண்டி இல்ல, அண்ணனுக்குத் தெரியாதா?" பூட்டாமல் எப்படியடா தெரியும்? பிறகு திருப்பி அனுப்பச் சொன்னான், "பாத்திட்டு ஏதாவது செய்வம்" என்று. பணத்தை முதலில் போடு என்றேன். அண்ணன் போய் ஐயா ஆனது, ஐயா போய் வட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் ஆனது, இப்போது அதுவும் இல்லை, ப்ளொக். மாமாங்கத்துக்கு வருவானாம்!

ஒன்லைன் சந்தைக்காரர் அனுப்பிய பதில் ஒரே வரி: விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பில்லை. விளம்பரம் போடும்போது அவனிடம் காசு வாங்கத் தெரிகிறது. 68,000 ரூபாவுக்கு மேலே பாஸுக்குக் கூலி இரண்டு முறை, பூட்ட ஒன்று, கழற்ற ஒன்று. பாவம், கழற்றியதற்கு அவர் பாதிதான் வாங்கினார்.

ஆலோசனை எழுதுகிறேன் என்றேன், விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. இவ்வளவுதான்: வீடியோவில் நான்கு சொக்கையும் அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிங் நுனி இரண்டையும் கிட்டப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், மேலே பாட்ஸ் நம்பர் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பார்சலை நீங்கள் பார்க்காமல் பூட்ட விடாதீர்கள். பூட்டிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம், கார் இறங்கினால் சில்லின் கோணம் மாறும், டயரை உள்பக்கமாகத் தின்றுவிடும். காசு மட்டு என்றால் காரை இறக்கவே வேண்டாம், கம்பனி ஸ்பிரிங்கோடு நல்ல புதுச் சொக் போடுங்கள், பாதி வித்தியாசம் அதிலேயே தெரியும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லியிருக்கிறேன், பொலிஸிலும் முறைப்பாடு போடப் போகிறேன். அதே பச்சை ஸ்பிரிங் படத்தோடு வேறு பெயரில் நேற்று மறுபடியும் விளம்பரம் வந்திருக்கிறது, இந்த முறை 72,000. அம்பாறை, கல்முனைப் பக்கம் யாராவது இவனிடம் மாட்டியிருந்தால் வங்கிச் சிட்டையோடு எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், சேர்ந்தே போய் முறைப்பாட்டைப் போடுவோம்.