ரூ.1,12,400 போச்சு: குழந்தைகள் புத்தகத்துக்கு ஏஜென்ட் தேடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஏஜென்ட் என்று சொன்ன ஒரு கும்பலிடம் ஏமாந்துவிட்டேன் என்று நேற்று இரவு பத்தரை மணிக்குத்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். ஆறினால் அவமானத்தில் எழுதாமல் விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய். மூன்று தவணையாக, என் கையாலேயே அனுப்பினேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இருபத்தாறு வருடமாக ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். அதில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்ட கதை ஒன்று. தாத்தாவும் பேத்தியும் பனங்கொட்டைகளைப் புதைக்கிறார்கள். பேத்திக்குப் பொறுமை இல்லை, தினமும் தோண்டிப் பார்க்கத் துடிக்கிறாள். மூன்று நான்கு மாதம் கழித்துக் கிழங்கு எடுத்து அவித்துத் தின்கிறார்கள். ஒரே ஒரு கொட்டையை மட்டும் தாத்தா எடுக்காமல் விட்டுவிடுகிறார். அது மரமாகிக் காய்க்கப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். அவ்வளவுதான் கதை. இதை ஆங்கிலத்தில் 480 சொற்களில் படக்கதையாக எழுதினேன். பனையே பார்க்காத நாட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டுமே என்று ஆசை.

அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளரிடமிருந்து நேரடியாக வாங்குவதில்லை. எழுத்தாளர் சார்பில் கதையைப் பதிப்பகத்துக்கு விற்றுத் தரும் இலக்கிய ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டும். ஏஜென்டுக்கு முதலில் ஒரு விண்ணப்பக் கடிதம் அனுப்ப வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நாவல் என்றால் முதல் சில பக்கங்கள் போதும். படக்கதை சின்னது என்பதால் முழுவதையும் கேட்பார்கள். பதிலுக்கு ஆறு வாரம், மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பலர் பதிலே போட மாட்டார்கள், அதற்குப் பெயரும் ‘வேண்டாம்’தான். நான் 23 பேருக்கு அனுப்பினேன். ஒன்பது பேர் மரியாதையாக மறுத்தார்கள். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தத் தளம் கண்ணில் பட்டது. எழுத்தாளரையும் ஏஜென்டையும் இணைத்து வைப்பதாகச் சொல்லும் தளம். புகார் கொடுத்திருப்பதால் பெயர் எழுதவில்லை. கதைச் சுருக்கத்தைப் பதிவேற்றினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. 23 பேரிடம் மாதக்கணக்கில் காத்திருந்தவளுக்கு இரண்டே நாளில் எப்படிப் பதில் வரும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. மனசு அந்தப் பதிலுக்காக ஏங்கிக் கிடந்தது.

நியூயார்க்கில் இருக்கும் ஓர் ஏஜென்டின் பெயர் போட்டு வந்தது மின்னஞ்சல். பெயரைத் தேடிப் பார்த்தேன். உண்மையான ஆள், குழந்தைகள் புத்தகங்கள் பலவற்றை விற்றவர். முழுக் கதையையும் அனுப்பினேன். ஒரு வாரத்தில் போனில் பேசலாம் என்றார்கள். ஒரு பெண் குரல், அவருடைய உதவியாளர் என்று அறிமுகம். வீடியோவில் வரச் சொன்னேன், நெட்வொர்க் சரியில்லை என்றாள். பரவாயில்லை என்றேன்.

அந்த அழைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்த இடம் அதுதான். அவள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கதையிலிருந்து ஒரு வரியை வாசித்தாள். தாத்தா கடைசிக் கொட்டையை மூடி, மண்ணைத் தட்டிவிட்டு, “இது தூங்கட்டும்” என்று சொல்லும் வரி. வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது” என்றாள். நான் சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். நான் எழுதிய ஒரு வரியை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவள் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

ஒப்பந்தம் வந்தது. கமிஷன் 15 சதவீதம், வெளிநாட்டில் வெளியிடும் உரிமையை விற்றால் 20 சதவீதம். நான் படித்து வைத்திருந்ததும் அதே கணக்குதான், அதனால் நம்பிக்கை கூடியது. மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில், ‘சமர்ப்பிப்புக்கான தயாரிப்புச் செலவு ஆசிரியருடையது’ என்று இருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பரில் மதிப்பீட்டுக் கட்டணம் ரூ.18,500. ஆறு பக்க அறிக்கை வந்தது. அதில் ஓரிடத்தில் தாத்தாவைப் ‘பாட்டி’ என்று எழுதியிருந்தார்கள். தட்டச்சுப் பிழை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஜனவரியில் ஓவியத்துக்கு ரூ.42,000. வண்ணப் படம் இல்லாமல் எந்த எடிட்டரும் கதையைத் திரும்பிப் பார்க்க மாட்டார் என்றார்கள். இது முழுப் பொய். எழுத்தாளர் ஓவியராக இல்லாவிட்டால் எழுத்தை மட்டும் அனுப்பினால் போதும். யார் படம் போடுவது என்பதைப் பதிப்பகமே முடிவு செய்து, பணமும் அதுவே கொடுக்கும். இது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியவில்லை. நான்கு படங்கள் வந்தன. பனங்கொட்டை புதைக்கும் கதைக்குத் தென்னை மரம் வரைந்திருந்தார்கள். பேத்தியின் ஒரு கையில் ஆறு விரல். கம்ப்யூட்டர் போட்ட படம் என்று இப்போது தெரிகிறது. மரம் தப்பு என்று எழுதினேன். “இங்கே உள்ள எடிட்டர்களுக்கு வித்தியாசம் தெரியாது மேடம்” என்று பதில் வந்தது. அந்தக் கதையே பனைக்காக எழுதியது. அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் ரூ.51,900. இத்தாலியில் பொலோஞா குழந்தைகள் புத்தகக் கண்காட்சி 1964-லிருந்து நடக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து பதிப்பகங்கள் வந்து புத்தகங்களை வெளியிடும் உரிமையை வாங்கி விற்கும் இடம். அங்கே என் கதையைத் தங்கள் புத்தகப் பட்டியலில் போட்டு, எடிட்டர்கள் கையில் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அதைச் சரிசெய்ய எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம் அது. அனுப்பினேன். ஏஜென்ட் அந்தக் கண்காட்சிக்குப் போவது தன் தொழிலுக்காக. அதற்கு எழுத்தாளரிடம் கை நீட்ட மாட்டார்கள்.

18,500, 42,000, 51,900. கூட்டினால் 1,12,400.

கண்காட்சி முடிந்தது. யார் யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். “ரகசியம் காக்க வேண்டியது” என்றார்கள். பிறகு “ஈஸ்டர் விடுமுறை, எடிட்டர்கள் ஊரில் இல்லை.” பிறகு “உங்கள் கேள்வி உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.” பிறகு போனே எடுப்பதில்லை. என் தாத்தா ஞாபகம் வந்தது என்று சொன்ன அந்தக் குரல் ஒருமுறைதான் எடுத்தது, “கூட்டத்தில் இருக்கிறேன்” என்று வைத்துவிட்டது.

தளத்துக்குப் புகார் எழுதினேன். மூன்று நாளுக்கு ஒரு பதில், மூன்றும் ஒரே பதில். நாங்கள் இணைத்து மட்டுமே வைக்கிறோம், பணம் எங்கள் தளத்துக்கு வெளியே கைமாறியது, விதிமுறையைப் பாருங்கள். அந்த ஆளுக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று நீல முத்திரை போட்டு வைத்திருந்தது யார்? அதற்குப் பதில் இல்லை. போன வாரம் அந்தக் கும்பலே மறுபடி எழுதியது. பணத்தைத் திருப்பித் தருகிறோம், அதற்குச் செயலாக்கக் கட்டணம் ரூ.9,000 அனுப்புங்கள் என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்று ராத்திரி என் தம்பி மகளிடம் எல்லா மின்னஞ்சலையும் காட்டினேன். அவள் அந்த ஏஜென்சியின் உண்மையான இணையப் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். “அத்தை, இந்த முகவரியில ஒரு ‘எஸ்’ கூட இருக்கு பாருங்க” என்றாள். அந்த உண்மையான பக்கத்திலேயே, எங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமாக நான் அந்தப் பக்கத்தின் அடிவரை போய்ப் பார்க்கவில்லை. அங்கே எழுதிக் கேட்டோம். அரை மணி நேரத்தில் உண்மையான அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. நாங்கள் எழுத்தாளரிடம் எதற்கும் பணம் வாங்குவதில்லை, உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறோம் என்று.

பணம் போன கணக்கு எந்தப் பெயரில் இருந்தது தெரியுமா? வட மாநிலத்தில் ஏதோ டிரேடர்ஸ். நியூயார்க் ஏஜென்டுக்கு யுபிஐயில் இந்திய டிரேடர்ஸ் கணக்கு எதற்கு என்று மூன்று தடவையும் நான் கேட்கவில்லை.

ராத்திரியே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம், மூன்று மாதம் ஆகிவிட்டது என்றார். புகார் எண் கொடுத்தார். காலையில் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனால், “நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே டீச்சர், இது சிவில் மேட்டர்” என்கிறார்கள். பெயரைத் திருடி, முகவரியைத் திருடி, பொய் சொல்லி ரூ.1,12,400 பிடுங்கியது எப்படி சிவில் ஆகும்?

தேடிப் படித்ததில் நான் தனி ஆள் இல்லை என்று தெரிந்தது. கலிஃபோர்னியாவில் இப்படி ஒரு பதிப்பு மோசடி வழக்கு. 800-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடம் 4.4 கோடி டாலர் ஏமாற்றியதாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியிருக்கிறது. ஏமாந்தவர்களில் வயதானவர்கள் நிறைய. ‘ரைட்டர் பிவேர்’ என்று ஓர் இணையப் பக்கம் 1998-லிருந்து இப்படிப்பட்ட கும்பல்களை அம்பலப்படுத்திக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் பத்து நிமிடம் அதைப் படித்திருந்தால் கூரை ஒழுகாமல் இருந்திருக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ஏஜென்ட் உங்களிடம் முன்பணம் வாங்க மாட்டார். புத்தகம் விற்றால் வரும் பணத்தில்தான் அவருக்குப் பங்கு. வாசிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அமெரிக்க ஏஜென்டுகள் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது. மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஏஜென்சியின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான அடையாள எண், வாங்கித் தருகிறோம் என்று காசு கேட்டால் உடனே விலகுங்கள், இந்தியாவில் அது இலவசம். பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930.

இன்னொன்று. நம் ஊரிலேயே குழந்தைகள் புத்தகம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் தூலிகா, தாரா, கரடி டேல்ஸ், பெங்களூரில் பிரதம் புக்ஸ். இவர்களுக்கு ஏஜென்ட் தேவையில்லை. கதை வாங்கும் நேரமா என்று அவரவர் பக்கத்தில் பார்த்துவிட்டு நேரடியாக அனுப்பலாம். பனை மரத்துக்கும் தென்னை மரத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள்.

திங்கட்கிழமை மாவட்ட சைபர் பிரிவுக்கு நேரில் போகிறேன். இதே மாதிரி, உங்கள் கதையிலிருந்து ஒரு வரியை வாசித்துக் காட்டி யாராவது பேசியிருந்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் மின்னஞ்சல்களையும் அழிக்காதீர்கள். எனக்கு எழுதுங்கள். என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.