பிஎஸ்5: டிஸ்க் மாடலா, டிஜிட்டலா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சான் பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கருவி) வாங்கப் போகிறான். டிஸ்க் போடக்கூடிய மாடலா, டிஸ்க் டிரைவ் இல்லாமல் கேமை இணையத்தில் மட்டும் வாங்கி இறக்கும் டிஜிட்டல் மாடலா, இரண்டில் எது என்று ஒரு வாரமாகக் கேட்கிறான்.

விலை: 2020இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் டிஸ்க் மாடல் 499 டொலர், டிஜிட்டல் 399. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ரூபாயில் விசாரித்தால் அந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியாது.

வேகம், படத் தரம்: இரண்டும் ஒன்றுதான்.

கேம் வாங்குவது: இங்கேதான் விஷயமே. இணையத்தில் கேம் வாங்க பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கு வேண்டும்; அதைத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. வேறு நாட்டுக் கணக்கு, அந்த நாட்டுக் கிஃப்ட் கார்ட் என்று அலைய வேண்டும். டிஜிட்டலில் ஒவ்வொரு கேமுக்கும் இதே பாடுதான். டிஸ்க் என்றால் கையில் காசு கொடுத்து வாங்கலாம், முடித்ததும் விற்கலாம், நண்பனோடு மாற்றலாம். பிராந்தியப் பூட்டும் இல்லை. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்ததும் ஓடும். ஆனால் டிஎல்சி (கேமுக்கு இணையத்தில் வாங்கும் கூடுதல் பகுதி) வாங்கும் கணக்கு அந்த டிஸ்கின் பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். இதைக் கட்டாயம் பாருங்கள்.

உழைப்பு: டிஸ்க் கீறலாம். டிஜிட்டலில் கணக்கு போனால் எல்லாக் கேமும் போச்சு.

இன்னொன்று, 2023இல் வந்த ஸ்லிம் டிஜிட்டல் மாடலில் டிஸ்க் டிரைவை அப்புறம் தனியாக வாங்கிப் பூட்டலாம். முதல் தடவை பூட்டும்போது இணையம் வேண்டும்.

ஃபோர்ட்நைட் போல ஒரே இலவச கேமை வருடம் முழுக்க விளையாடுபவருக்கு டிஜிட்டல் போதும். கதை கேம்களை ஒவ்வொன்றாக முடிப்பவருக்கு டிஸ்க். மச்சான் இரண்டாவது ரகம். அவனுக்கு டிஸ்க் மாடலைத்தான் சொன்னேன்.