ஈரல் சுருக்கத்தில் புரதம்: குறைப்பதா, வகையை மாற்றுவதா, பொடி வாங்குவதா?

வீட்டில் ஒருவருக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் சுருக்கம், என்று தெரிந்ததுமே சமையலறையில் முதலில் நின்றுபோவது முட்டை. அடுத்து மீன். சில வீடுகளில் பருப்பும் போய், ரசம் சாதம், கஞ்சி, இளநீர் என்று பத்தியம் இறுகிவிடும். மஞ்சள் காமாலைக்குப் பழகிய பத்தியத்தை நாள்பட்ட ஈரல் நோய்க்கும் அப்படியே நீட்டிவிடுகிறோம். இதற்கு மாற்றாக இரண்டு வழிகள் உண்டு. புரதத்தின் அளவைக் குறைக்காமல் வகையை மட்டும் மாற்றுவது ஒன்று. புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் ‘கிளைச்சங்கிலி’ என்ற வகையை மட்டும் கொண்ட பொடியைக் கலக்கிக் குடிப்பது இன்னொன்று.

பத்தியக்காரர்களின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடும். சுருங்கிய ஈரலால் அது முழுதாக முடியாது. அம்மோனியா மூளைக்குப் போய்த் தூக்கம் தலைகீழாவது, கை நடுங்குவது, பேச்சுக் குழறுவது, கடைசியில் நினைவிழப்பது வரை போகலாம். டாக்டர்களே பல பத்தாண்டுகள் இதனால் புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

அந்தக் கணக்கில் விட்டுப்போனது தசை. ஈரல் கைவிட்ட அம்மோனியாவில் ஒரு பகுதியைத் தசைதான் பிடித்து குளுட்டமின் என்ற அமினோ அமிலமாக மாற்றுகிறது. சாப்பாட்டில் புரதம் போதாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைக்கும். அந்தச் சிதைவிலிருந்தும் அம்மோனியா வரும். அதைப் பிடிக்க வேண்டிய தசையும் குறைந்துபோயிருக்கும். 2004இல் ஸ்பெயினில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. அம்மோனியாவால் வரும் இந்த மூளைக்குழப்பத்தோடு வந்த நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு முதலில் புரதத்தை நிறுத்திப் படிப்படியாகக் கூட்டினார்கள். இன்னொரு பிரிவுக்கு முதல் நாளிலிருந்தே உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1.2 கிராம் புரதம். இரு பிரிவினரும் தெளிந்த விதத்தில் வித்தியாசம் இல்லை. குறைத்தவர்களுக்குத் தசைச் சிதைவுதான் கூடியது. இப்போதைய ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்கின்றன. என்னைக் கேட்டால், போட்டியிலிருந்து பத்தியத்தை இங்கேயே விலக்கிவிடலாம்.

மிச்சம் இரண்டு. இங்கே அளவைவிட அமினோ அமிலங்களின் சமநிலை முக்கியம். லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றும் கிளைச்சங்கிலி வகை. இவற்றைப் பெரும்பாலும் தசை பயன்படுத்துகிறது. ஃபினைல்அலனின், டைரோசின் போன்றவை ஈரலில் சிதைபவை. சிரோசிஸில் முதல் கூட்டம் அம்மோனியாவைப் பிடிக்கும் வேலையில் செலவாகி ரத்தத்தில் குறையும். இரண்டாவது கூட்டம் சிதைய இடமில்லாமல் தேங்கும். நலமானவரிடம் சுமார் மூன்றுக்கு ஒன்று என்று இருக்கும் விகிதம், நோய் முற்றும்போது ஒன்றுக்கு ஒன்று பக்கம் இறங்கிவிடும்.

இந்தச் சமநிலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரத்தக் கசிவைப் பாருங்கள். உணவுக்குழாய் நாளம் வெடித்து ரத்தம் குடலுக்குள் போனால் நோயாளி சீக்கிரம் குழம்பிவிடுகிறார். ரத்தமும் புரதம்தானே? ஆனால் ஹீமோகுளோபினில் ஐசோலியூசின் அநேகமாக இல்லவே இல்லை. ஒன்று இல்லாததால் மற்ற அமினோ அமிலங்களை வைத்து உடம்பால் புரதம் கட்ட முடியாது. அவையெல்லாம் சிதைந்து அம்மோனியாவாகவே முடிகின்றன. முட்டையைக் கண்டு பயப்படும் வீட்டில், உள்ளே ரத்தம் கசிவதைக் காட்டும் கறுப்பு மலத்தை அலட்சியமாக விடுவதைத்தான் தாங்க முடிவதில்லை. அது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

சரி, வகையை மாற்றும் வழிக்கு வருவோம். பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, சோயா, பால், தயிர், பன்னீர். பயறு வகைகளோடு நார்ச்சத்தும் வருவதால் மலம் கட்டாது. மலச்சிக்கல் மூளைக்குழப்பத்துக்குப் பழைய கூட்டாளி. டெல்லியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், லேசான மூளைக்குழப்பம் உள்ள 120 பேரில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் போதுமான கலோரியோடு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் தாவரப் புரதம் கொடுத்தார்கள். வழக்கமான உணவைத் தொடர்ந்தவர்களைவிட இவர்களுக்குக் குழப்பம் தெளிந்தது அதிகம், முற்றியது குறைவு. அசைவம் ஒத்துக்கொள்கிறவர் முட்டை, மீனை விட வேண்டியதில்லை. கருவாடு மட்டும் வேண்டாம். அது புரதத்துக்காக அல்ல, உப்புக்காக.

பொடிக்கு ஆதாரம் ஜப்பானிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வருகிறது. 2005இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 646 பேர் பங்கேற்றார்கள். இரண்டு ஆண்டுகள் தினம் 12 கிராம் எடுத்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைந்தன. 2017இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் அலசல், மூளைக்குழப்பத்தில் பலன் உண்டு, உயிரிழப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. கசப்பு, விலை இரண்டும் தனி. ஒரு கணக்கும் பார்க்க வேண்டும்: உணவுப் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிளைச்சங்கிலி வகைதான். அறுபது, எழுபது கிராம் புரதம் சாப்பிடுகிறவருக்கு அந்த 12 கிராம் தட்டிலேயே வந்துவிடுகிறது. எது கொடுத்தாலும் குழம்பிவிடுகிறவர், வாயால் போதுமான அளவு சாப்பிட முடியாதவர், இவர்களுக்குப் பொடி உதவும். அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்து; ஜிம் கடையில் வாங்கி அல்ல.

இரண்டையும்விடக் குறைவாகப் பேசப்படுவது நேரம். சிரோசிஸ் உள்ளவருக்கு ஓர் இரவுப் பட்டினி, நலமானவருக்கு இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் ஒரே சத்துப் பானத்தை ஒரு பிரிவுக்குப் பகலிலும் இன்னொரு பிரிவுக்கு இரவிலும் கொடுத்தார்கள். ஓர் ஆண்டில் இரவுப் பிரிவுக்குச் சுமார் இரண்டு கிலோ கொழுப்பு அல்லாத திசு கூடியிருந்தது. பகல் பிரிவுக்குக் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. ஆகவே முதல் செலவு பொடிக்கு வேண்டாம். படுக்கப்போகும் முன் பாலோடு ஒரு சிற்றுண்டி, எழுந்ததும் சீக்கிரம் காலை உணவு, இதை ஒரு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு அப்புறம் பொடியைப் பற்றிக் கேட்கலாம்.

அளவு கணக்கிடும்போது, நோயால் வயிற்றில் தேங்கும் நீரோடு சேர்ந்த எடையை எடுக்கக் கூடாது. தராசு 72 காட்டினாலும் நீர் இல்லாமல் 60 கிலோ என்று டாக்டர் மதிப்பிட்டால், தினத் தேவை 72 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6, நூறு கிராம் பன்னீரில் சுமார் 18, வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 8 அல்லது 9. திடீரென ஈரல் செயலிழந்து தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கும், அம்மோனியாவை யூரியாவாக்கும் சுழற்சியில் பிறவிக் குறை உள்ளவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.