கொலுசுப் பட்டறை மென்பொருளுக்கு லைசென்ஸ்: ‘சூஸ் எ லைசென்ஸ்’ தளம் எப்படி?

சேலத்தில் கொலுசு வேலை ஒரே கூரைக்கு அடியில் முடிவதில்லை. கம்பி இழுப்பவர் ஒருவர், பொடி வைத்து ஊதுபவர் ஒருவர், மெருகு போடுபவர் வேறொருவர். எல்லாருக்கும் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டுத்தான் திரும்ப வாங்குவார்கள். அந்தச் சேதாரம், கூலி, டச் (வெள்ளியின் சுத்தம்) கணக்குக்காக செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றுக்கு நான் எழுதியதைக் யாரும் எடுத்துப் பயன்படுத்தித் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியிட நினைத்தேன். எந்த லைசென்ஸ் போடுவது என்று பார்க்கப் போன இடம்தான் ‘சூஸ் எ லைசென்ஸ்’. மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனம் 2013-ல் தொடங்கிய தளம். காசு கிடையாது, லாகின் கிடையாது.

முகப்பில் மூன்றே வழி. ஏற்கெனவே உள்ள திட்டத்தில் சேர்கிறீர்களா, அவர்கள் லைசென்ஸையே வையுங்கள். எளிமை போதுமா, எம்ஐடி லைசென்ஸ். திருத்தங்களும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டுமா, ஜிபிஎல் 3 லைசென்ஸ். உள்ளே போனால் என்ன செய்யலாம், என்ன நிபந்தனை, எதற்குப் பொறுப்பில்லை என்று பச்சை, நீலம், சிவப்புப் புள்ளிகளில் காட்டுகிறார்கள். வக்கீல் பாஷைக்குப் பயந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘லைசென்ஸ் இல்லை’ என்ற பக்கம். நிரலை, அதாவது கோடை, பொதுவில் போட்டாலே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவே செய்யாவிட்டாலும் எழுதியவருக்குத்தான் உரிமை. லைசென்ஸ் போடாத கோடை அடுத்தவர் தொடக் கூடாது. ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தை வகுப்பில் கட்டாயம் காட்ட வேண்டும்.

குறை என்றால் முகப்பில்தான். என் மென்பொருள் சர்வரில் ஓடுவது. பட்டறைக்காரர்கள் பிரவுசரில் திறப்பார்கள். ஜிபிஎல் போட்டால், ஒரு கம்பெனி இதை எடுத்துத் திருத்தி, தன் சர்வரில் ஓட்டி மாதச் சந்தா வாங்கலாம். பிரதியை யாருக்கும் கொடுக்காதவரை கோடைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. திருத்தி இணையத்தில் ஓட்டினாலும் பயனர்களுக்குக் கோடைத் தர வேண்டும் என்று சொல்வது 2007-ல் வந்த ஏஜிபிஎல் 3 லைசென்ஸ். அதன் 13-வது பிரிவு. முகப்பில் அதன் பேரே இல்லை. முழுப் பட்டியலைத் திறந்தால் முதலில் நிற்பதே அதுதான்! சர்வர் மென்பொருள் எழுதுபவர்கள் முகப்போடு நின்றுவிடாதீர்கள்.

பட்டறைக்கார அண்ணன் கேட்டது வேறு: “தம்பி, அப்ப என் கணக்கை ஊரே பாக்குமா?”

“இல்லீங்கண்ணா, கணக்கு உங்ககிட்டயேதான் இருக்கும். கணக்குப் போடற புரோகிராமைத்தான் கொடுக்கறேன்.”

வாடிக்கையாளருக்கு வரும் இந்த முதல் பயத்துக்கும் தளத்தில் நாலு வரி இருக்கலாம்.

கூலிச் சீட்டு அச்சிட நான் சேர்த்திருக்கும் தமிழ் எழுத்துரு, எழுத்துருக்களுக்கான லைசென்ஸான ஓஎஃப்எல் 1.1-ல் வந்தது. மென்பொருள் அல்லாதவற்றுக்கான பக்கத்தில் அதையும் விளக்கியிருக்கிறார்கள். எழுத்துருவின் லைசென்ஸை அதனுடனேயே வைத்து, என் கோடுக்கு ஏஜிபிஎல் போட்டுவிட்டேன்.