இருமல் டானிக்: அடக்குவது, இளக்குவது, தூங்க வைப்பது

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் சேலம் அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் தினமும் இதே பேச்சுதான்: "இருமலுக்கு நல்ல டானிக்கா ஒண்ணு குடுங்க." 18 வருடமாக நானும் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். "சளி வருதுங்களா, வறட்டு இருமலுங்களா?" சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் அலமாரியில் எந்தப் பாட்டிலுக்குக் கை நீட்டுவது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வறட்டு இருமலுக்குப் பெரும்பாலும் கைமாறுவது டெக்ஸ்ட்ரோமெதார்பன். மூளைத் தண்டில் இருமலைக் கிளப்பும் இடத்தை இது மந்தப்படுத்துகிறது. எவ்வளவு மந்தம்? சளி பிடித்து இருமிக்கொண்டிருந்த 710 பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2001ல் கணக்குப் போட்டார்கள். 30 மி.கி. சாப்பிட்டவர்களுக்கு அடுத்த 3 மணி நேரத்தில், மருந்தே இல்லாத போலி மருந்து சாப்பிட்டவர்களைவிட இருமல் சுமார் 13 சதவீதம் குறைந்தது. பத்துத் தடவை இருமுகிறவர் ஒன்பது தடவை இருமுவார், அவ்வளவுதான். 2000ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் அந்த வித்தியாசம்கூடத் தேறவில்லை. இன்னொன்று: பல பாட்டில்களில் 5 மி.லி.க்கு 10 மி.கி.தான் இருக்கும். மூடியில் அளக்காமல் அண்ணாந்து ஒரு மடக்கு குடிப்பவருக்கு எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது.

இருமலை அடக்கும் இன்னொரு மருந்தான கோடீனுக்குப் பெயர் பெரியது. சளியோடு வரும் சாதாரண இருமலில் பெரியவர்களிடம் சோதித்த இரண்டு ஆய்வுகளில் அது போலி மருந்தைத் தாண்டவில்லை. மலச்சிக்கல், மயக்கம், பழக்கமாகிவிடும் ஆபத்து மட்டும் நிஜம். டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை.

சளி இளக்கும் மருந்துகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஆடாதொடைதான் நினைவுக்கு வரும். எங்கள் ஊர்ப் பக்கம் வேலியில் நிற்கும் அதே செடி. அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின். அது உடம்புக்குள் மாறிக் கிடைப்பது ஆம்ப்ராக்சால். சித்தா பிரிவில் தரும் ஆடாதொடை மணப்பாகும் கடையில் விற்கும் சிரப்பும் ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொன்னால் பாட்டிமார் முகம் மலர்ந்துவிடும். அதே வகையில் வரும் குவைஃபெனிசினுக்கு ஒரு ஆய்வில் 75 சதவீதம் பேர் பலன் என்றார்கள், போலி மருந்தில் 31 சதவீதம். வேறொரு ஆய்விலோ இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் குழு 2014ல் 29 ஆய்வுகளை அலசிவிட்டு, இந்த மருந்துகள் கேட்கும் என்றோ கேட்காது என்றோ சொல்ல நல்ல ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது.

எனக்குக் கோபம் வருவது, அடக்குவதையும் இளக்குவதையும் ஒரே பாட்டிலில் ஊற்றி விற்கும்போது. சளியை இளக்கிவிட்டு, அதை வெளியே தள்ளும் இருமலை அடக்கினால் சளி எங்கே போகும்? இதில் அலர்ஜி மருந்தான குளோர்பெனிரமினும் சேர்ந்தால் தூக்கம் வேறு. ஏற்காட்டுக்கு வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் அப்படியொரு பாட்டிலைக் காட்டி இன்னொன்று கேட்டார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவருக்கு அது கூடவே கூடாது என்று பின்பக்க எழுத்தை வாசித்துக் காட்டினேன். மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் இருந்தால் ரத்த அழுத்தக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வாய்வழி சாப்பிட்டால் அது மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்து ஆணையத்தின் நிபுணர் குழு 2023ல் ஒருமனதாகச் சொல்லியும் விட்டது.

அப்படியானால் தேன்? இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதலே சாதாரண இருமலுக்குத் தேனை முயன்று பார்க்கச் சொல்கிறது. சேர்வராயன் மலைக் காபித் தோட்டத்து மிளகை இடித்துப் போட்டு, வெந்நீரில் ஒரு ஸ்பூன் தேன் விட்டுக் குடித்தால் தொண்டைக்கு இதம் வரும். என் வீட்டில் முதலில் செய்வது அதுதான். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். இரவில் வறட்டு இருமல் தூங்கவே விடவில்லை என்றால், வேறெதுவும் கலக்காத டெக்ஸ்ட்ரோமெதார்பனை இரண்டு மூன்று ராத்திரிக்குத் தருவேன். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான். சளி கட்டியிருந்தால் அடக்கும் மருந்தே வேண்டாம். எதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் மூச்சுக்குழல் சளி இருமல் சராசரியாக 18 நாள் ஓடும். ஒரு வாரத்தில் நிற்கவில்லையே என்று பாட்டில் மாற்றுகிறவர்களே அதிகம். அதற்காக 18 நாளும் சும்மா இருக்கச் சொல்லவில்லை. இரண்டு வாரம் தாண்டினால் காசநோயா என்று பார்த்துவிட வேண்டும்; பெரியாஸ்பத்திரியில் அதற்கான சளிப் பரிசோதனை இலவசம். ரத்தம் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும்.

போன தை மாதம் எஸ்டேட் கணக்குப்பிள்ளை ஒருவர் மூன்றாவது பாட்டிலுக்கு வந்தார். சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லையாம். "வேற என்ன மாத்திரைங்க ஐயா சாப்பிடறீங்க?" என்றேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். எனலாப்ரில். ரத்த அழுத்தத்துக்கான அந்த மாத்திரையே சிலருக்கு வறட்டு இருமலைக் கிளப்பும். "நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று பாட்டில் கொடுக்காமல் அனுப்பினேன். மாத்திரையை மாற்றி மூன்றாவது வாரத்தில் இருமல் நின்றுவிட்டது என்று சொல்வதற்காகவே மலையிலிருந்து இறங்கி வந்தார்.